ஆரணியில் ஜப்பான் மொழி பேசிய ஒருநிமிஷம்

ஆரணி நகரத்தின் மொத்தச் சரித்திரத்திலும் அரிசி ஆலைக்குள் நின்று ஜப்பான் மொழியில் பேசிக்கொண்டவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் ஜப்பான்காரர், அவர் பேசியதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மற்றவர் எங்கள் எடைமேடைக்காரர். பிளஸ் டூ இங்கிலீஷில் இரண்டு தடவை தவறியவர். நாற்பத்தேழாவது வயதில் ஒரு விளையாட்டுக்காக, வெறும் ஒரு வீடியோ கேமுக்காக, ஜப்பான் மொழி கற்றுக்கொண்டவர். அதோடு நிற்காமல் அந்த மொழியை வைத்து, நின்றுபோன ஓர் ஆலையையே ஓட வைத்தவர்.

அந்த ஆலை களம்பூர் போகிற சாலையில் இருந்தது. நெல் லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற இரும்புத் தளம்தான் எடைமேடை. அதை ஒட்டி ஒரு கண்ணாடி அறை, அதில் அவர். அடுத்த அறையில் நான். வருகிற நெல்லில் ஒரு பிடி எடுத்துக் கருவியில் போட்டு எவ்வளவு ஈரம் என்று சொல்வது என் வேலை. லாரிக்காரர்களுக்கு நான் 'மாய்ச்சர் மேடம்'. அவர் 'ஒருநிமிஷம்'. நான்கு வருஷம் பக்கத்து அறையில் இருந்தும் அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் மனைவிக்குத் தெரியும். புருஷன் பெயரை அவர் வாயால் சொல்ல மாட்டார்.

அந்தப் பட்டப்பெயர் வந்ததற்குக் காரணம் அவர் மேஜை டிராயரில் இருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு விளையாட்டுக் கருவி. லாரிக்கும் லாரிக்கும் நடுவில் அதை எடுத்து ஆடுவார். அதில் ஒரு தொல்லை. நினைத்த இடத்தில் நிறுத்தினால் ஆடியதெல்லாம் போய்விடும். கதையில் ஒரு விளக்குக் கம்பம் வரும். அங்கே போய்ச் சேர்ந்தால்தான் சேவ் செய்ய முடியும். ஆகவே யார் எதற்குக் கூப்பிட்டாலும் கையை மட்டும் தூக்கி, "ஒரு நிமிஷம்!" என்பார். இருபத்தைந்து டன் நெல்லோடு லாரி மேடையில் நிற்கும். டிரைவர் ஹாரன் அடிப்பார். பிறகு இறங்கி வந்து திட்டுவார். பிறகு கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார். ஐந்தாவது நிமிஷம் அவரும், "இடதுபக்கம் ஒருத்தன் வரான்ணா, பாத்துக்கோ!" என்று கத்திக்கொண்டிருப்பார்.

ஒருமுறை சூப்பர்வைசர் மூச்சு இரைக்க ஓடிவந்தார். "யோவ், பாஸ் வந்துகினு இருக்காருய்யா!"

அந்த விளையாட்டில் ஒவ்வொரு கட்டத்தின் கடைசியிலும் வருகிற பெரிய எதிரிக்கும் 'பாஸ்' என்றுதான் பெயர். இவர் தலையே தூக்கவில்லை. "தெரியும் சார். அவனுக்கு இன்னும் பாதி உயிர் பாக்கி கீது. ரெண்டு அடியில காலி பண்ணிடறேன்."

முதலாளி அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

இவ்வளவுக்கும் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஏனென்றால் அவர் போட்ட எடையில் ஒரு கிலோ பிசகியதில்லை. அந்த விளையாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் எல்லாப் பானையையும் திறந்து பார்க்க வேண்டுமாம். எங்கே என்ன இருக்கும் என்று சொல்ல முடியாதாம். அந்தப் பழக்கம் அவருக்கு உடம்போடு ஊறிவிட்டது. லாரி வந்தால் ஒரு சுற்றுச் சுற்றி எல்லா மூலையையும் தொட்டுப் பார்ப்பார். அப்படித்தான் ஒருநாள் ஒரு லாரியின் தார்ப்பாய்க்கு அடியில் மூன்று ஆட்களும் ஒரு பீப்பாய்த் தண்ணீரும் இருந்ததைக் கண்டுபிடித்தார். நெல்லோடு நெல்லாக அவர்களையும் எடை போட்டு விற்கப் பார்த்திருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். சமையல்கட்டில் நுழைந்து ஒவ்வொரு அண்டாவாக மூடியைத் திறந்து பார்ப்பார். சமையல்காரர்கள் அவரைச் சுகாதார அதிகாரி என்று நினைத்துத் தொப்பி மாட்டிக்கொள்வார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதையும் யாரிடமும் இரண்டு தடவை கேட்பார். "சாப்பிட்டியாம்மா?" என்பார். "சாப்பிட்டேன் அண்ணா" என்பேன். அரை நொடி நின்று, முதல்முறை கேட்பது போலவே, "சாப்பிட்டியாம்மா?" என்பார். எரிச்சலில் ஒருநாள் காரணம் கேட்டேன்.

"கேம்ல அப்படித்தாம்மா. ஒருத்தர்கிட்ட மொதல் வாட்டி பேசினா, 'எங்க ஊரு நல்ல ஊரு'ன்னு சும்மா இன்னாத்தையாவது சொல்லுவாங்க. ரெண்டாவது வாட்டி பேசினாத்தான், 'கெணத்துக்குள்ள சாவி கீது'ன்னு விஷயம் வெளிய வரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைக்கு நான் நிஜமாகவே சாப்பிட்டிருக்கவில்லை.

டீக்கடையில் அவர் சொல்வதைக் கேட்டால் அவர் குடும்பத்தில் ஏதோ பெரிய வழக்கு நடப்பதாகத்தான் யாருக்கும் தோன்றும். "தம்பி மாதிரி நெனைச்சேன் மாஸ்டர். இருவது வருஷமா கூடவே சுத்தினவன். கடைசியில எதிரிக்குக் கோட்டைக் கதவைத் தொறந்து வுட்டுட்டான்."

டீ மாஸ்டர் கலங்கிப்போய், "வக்கீலைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"வக்கீல் இன்னா பண்ணுவாரு? அவங்ககிட்ட டிராகன் கீது."

"டிராகன்னா... பொக்லைன் மாதிரியாங்க?"

இனி அவர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேவூரில் வீடு. நடுக்கூடத்தில் பட்டுத் தறி. அந்தத் தறியில் அவர் உட்கார்ந்ததில்லை. கல்யாணமான புதிதில் உட்கார்ந்தாராம். ஒரு மணி நேரத்தில் நாற்பது இழை அறுந்ததும் மாமனாரே கையெடுத்துக் கும்பிட்டு, "மாப்பிள்ளை, நீங்க வெளிய போயிச் சம்பாதிச்சிக்குங்க" என்றாராம். நெய்வது கமலா அக்கா, அவர் மனைவி. தறிக்கு எதிர்ச் சுவரில் டிவி. சாயந்திரம் அவர் வந்து தரையில் உட்கார்ந்து ஆடுவார்; அக்கா நெய்துகொண்டே பார்ப்பார். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான். ஆட்டத்தில் அவருக்குத் தெரியாதது அக்காவுக்குத் தெரியும். "அந்தச் செவப்பு அங்கிக்காரனை நம்பாதீங்க, மூணாம் பாகத்துலயும் இப்படித்தான் சிரிச்சான்" என்று தறியிலிருந்து குரல் வரும்.

மொத்தம் பதினோரு பாகம். ஒவ்வொன்றும் முடிக்க நூறு மணி நேரம் ஆகும். ஒரு மலையூர்ப் பையன், அவனோடு சேரும் நாலைந்து பேர், அழியப்போகிற ஒரு நாடு. கமலா அக்காவின் உயிர் அதில் ஒருத்தி மேல்தான். வெள்ளை முடிக்காரி. வாள் வீசுவாள், அதிகம் பேச மாட்டாள். பதினோராம் பாகத்தின் கடைசியில் அவள் மட்டும் பனி வாசல் ஒன்றுக்குள் தனியாகப் போய்விட்டாள். அதோடு அந்தப் பாகம் முடிந்தது. அவள் இருக்கிறாளா, செத்தாளா என்று தெரியாமல் அக்கா மூன்று வருஷம் காத்திருந்தார். என்னிடமே ஒருமுறை, "சோறு எறங்கலைம்மா சில நாளு" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஒருநாள் மதியம் அண்ணன் டிபன் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஆச்சுண்ணா?"

"முடிச்சிடப் போறாங்களாம்மா."

ஆலையைத்தான் மூடப்போகிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. பன்னிரண்டாம் பாகம் வருகிறது. அதோடு கதை முடிகிறது என்று ஜப்பானில் அறிவித்துவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. இந்தக் கடைசிப் பாகம் ஜப்பான் மொழியில் மட்டும்தான் வருமாம். இங்கிலீஷில் எப்போது வரும், வருமா என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. இங்கிலீஷ் என்றால் அகராதியை வைத்துத் தட்டுத்தடுமாறியாவது இத்தனை பாகத்தை ஒப்பேற்றியிருந்தார்.

"போன்ல காட்டினா அதுவே மொழிபெயர்த்துச் சொல்லுமே அண்ணா."

"பாத்தேன்மா. பழைய பாகத்தையே ஜப்பான் பாஷைக்கு மாத்திக் காட்டினேன். 'என் உயிரே உமக்குத்தான்'னு ஒருத்தி சொல்றா. போன் இன்னா சொல்லுது தெரியுமா? 'எனது பேட்டரி உங்களுடையது.' இருவத்து மூணு வருஷம் பாத்துட்டு, கடைசியில அவ பேட்டரியவா குடுக்கச் சொல்றே?"

அன்று சாயந்திரம் கமலா அக்கா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். "நீங்க அந்த பாஷைய கத்துக்கினு வாங்க. நான் காத்துகினு இருக்கேன்."

அவர் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். எடைச்சீட்டுகளின் பின்பக்கமெல்லாம் பூச்சி பூச்சியாக எழுத்து. எடைமேடை அறைச் சுவர் முழுக்கச் சுண்ணக்கட்டியில் எழுத்து. டவுன் பஸ்ஸில் சேவூரிலிருந்து வரும்போது கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுவார். நிற்க இடமில்லாத பஸ்ஸிலும் அவர் பக்கத்து சீட் காலியாக இருக்கும். "ஏம்மா, அங்க எடம் கீதே, உக்காரக் கூடாதா?" என்று கண்டக்டர் கேட்டால், "வேணாம்ங்க, அவரு ஏதோ மந்திரம் சொல்லிகினு இருக்காரு" என்று பெண்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

சுவரைப் பார்த்த லாரிக்காரர்களும் அதைத் தாயத்தில் எழுதுகிற யந்திரம் என்றே நம்பினார்கள். போளூர் டிரைவர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "நம்ம வண்டிக்கும் ஒண்ணு எழுதிக் குடுண்ணா. ரெண்டு மாசமா டயரு வெடிச்சிகினே கீது, ஒரே பேஜாரு." இவரும் பெருந்தன்மையாக, லாரியின் நெற்றியில் 'வெற்றி' என்று ஜப்பான் எழுத்தில் மஞ்சள் பெயிண்டால் எழுதிக்கொடுத்தார். அதன்பிறகு அந்த லாரிக்கு டயர் வெடிக்கவில்லை. அவருக்கு மவுசு கூடிப்போயிற்று.

முதல் மூன்று மாதம் நானும் கேலி செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு சீட்டைக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இங்க பாரும்மா. இங்கிலீஷ்காரன், 'நான் சாப்பிட்டேன் சோறு'ன்னு தலைகீழா பேசுறான். அதனாலதான் எனக்கு அது வரவேயில்ல. இவங்க நம்மள மாதிரியே, 'நான் சோறு சாப்பிட்டேன்'னு நேரா பேசுறாங்க. இவ்ளோ தூரத்துல இருந்துகினு நம்ம மாதிரியே பேசுறாங்கம்மா!" அன்றோடு கேலியை நிறுத்திவிட்டேன்.

பன்னிரண்டாம் பாகம் வந்து சேர்ந்தது. பழைய பாகங்களை ஒரு மாதத்தில் முடித்தவர் இதற்கு ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார். திரையில் ஒருவர் வாயைத் திறந்தால் அதோடு ஆட்டம் நிற்கும். நோட்டில் எழுதுவார், அகராதியைப் புரட்டுவார், பிறகு முதலில் ஜப்பான் மொழியிலும் அடுத்து தமிழிலும் உரக்க வாசிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது ஒரு கிழட்டு ராஜா பேசிக்கொண்டிருந்தார். மூன்று வரிக்கு முக்கால் மணி நேரம். கமலா அக்கா பொறுமையாகத் தறியில் ஊடிழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டே, "அப்புறம் இன்னா சொல்றாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷம் அவர் நெய்த புடவைகளைக் கட்டிக்கொண்டு நடக்கிறவர்களுக்கு, எந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே அந்த இழைகள் சேர்ந்தன என்று தெரியப்போவதில்லை.

கடைசியில் வந்து நின்ற இடம்தான் சிக்கல். பனி வாசலுக்கு முன்னால் வெள்ளை முடிக்காரி எழுதிவைத்த கடிதம் கிடைக்கிறது. ஒரே வரி. படித்ததும் கேள்வி வருகிறது: வாசலை மூடுவதா, திறந்தே வைப்பதா? மூடினால் ஊர் பிழைக்கும். ஆனால் உள்ளே போனவள் திரும்ப முடியாது. திறந்து வைத்தால் குளிர் ஊருக்குள் வரும். அவள் செத்திருந்தால் அத்தனை பேரும் வீணாகக் குளிரில் வாட வேண்டும். ஒருமுறை அழுத்தினால் மாற்ற முடியாது. அங்கே விளக்குக் கம்பமும் கிடையாது. கடைசியாக சேவ் செய்து பதினாறு மணி நேர ஆட்டம் ஆகியிருந்தது.

அந்த ஒரு வரி அவருக்குப் புரியவில்லை. குழந்தை எழுதுவது போல எழுதியிருந்தாளாம். வாசித்தால், "இத்தே குக்கரா நே" என்று வந்தது.

"சாகப்போறவ எதுக்குங்க குக்கரைப் பத்திப் பேசுறா?" என்று கேட்டார் கமலா அக்கா.

'இத்தே' என்றால் 'சொல்லிவிட்டு' என்று பாதி விளங்கியது. 'குக்கரா' எந்த அகராதியிலும் இல்லை. "தெரியாம அழுத்தக் கூடாது" என்றார் அக்கா. ஆகவே அழுத்தவில்லை. அணைக்கவும் முடியாது. ஒன்பது நாள் டிவிக்குக் கீழே அந்த விளையாட்டுப் பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. கரண்ட் போனால் தாங்குவதற்குத் தறி விளக்கின் இன்வெர்ட்டரை அதற்குத் திருப்பினார்கள். இன்வெர்ட்டர் தீர்ந்துவிடக் கூடாது என்று அந்த வீட்டில் ஒன்பது நாள் மிக்ஸி ஓடவில்லை, ஃபேன் சுற்றவில்லை. அக்கா அம்மியில் சட்னி அரைத்தார். வீட்டுக்கு வந்தவர்களிடம், "அந்தப் பக்கம் போவாதீங்க, ஒருத்தி உசுரு ஊசலாடிகினு கீது" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள்தான் ஆலையில் அது நடந்தது. அரிசியில் கறுப்பும் பழுப்பும் கலந்திருந்தால் தனியே பிரித்துத் தள்ளுகிற ஜப்பான் கலர் சார்ட்டர் இயந்திரம் மூன்று நாளாகப் படுத்துவிட்டது. பிரிக்காத அரிசியால் கோடவுன் நிரம்பிவிட்டது. புது நெல்லை இறக்க இடமில்லை. சாலையில் லாரி வரிசை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் எடுத்த ஈரக் கணக்கு மணிக்கு மணி ஏறியது. மழை விழுந்து நனைந்தால் லாரியிலேயே நெல் முளை விட்டுவிடும். விவசாயிகள் ஆலை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

சென்னையில் வேறு வேலைக்கு வந்திருந்த ஜப்பான் இன்ஜினீயர் ஒருவரை முதலாளி கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தார். அறுபது வயது இருக்கும். சாம்பல் நிறச் சட்டை; இறங்கியதும் எல்லோரையும் பார்த்துக் குனிந்தார். கூட வந்த மொழிபெயர்க்கும் பெண்ணுக்கு வழியிலேயே வாந்தி. ஆற்காட்டில் உறவினர் வீட்டில் இறக்கிவிட்டு வந்திருந்தார்கள். இன்ஜினீயருக்கு இங்கிலீஷில் 'எஸ்', 'நோ', 'தேங்க் யூ' தவிர வேறு வரவில்லை. முதலாளி கையைக் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல எவனுக்குய்யா ஜப்பான் பாஷை தெரியும்?" என்று வெறுத்துப்போய்க் கத்தினார்.

எல்லோரும் எடைமேடைப் பக்கம் திரும்பினோம்.

வந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். இன்ஜினீயர் முன்னால் நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, ஆலை அதிர முழங்கினார்: "யூஷா யோ! யோகுஸோ மாயிராரெதா!"

அதன் அர்த்தம் பிறகு எனக்குத் தெரிந்தது. 'வீரரே! நன்றே எழுந்தருளினீர்!'

பாவம், அவருக்கு வேறு ஜப்பான் மொழி எது தெரியும்? ராஜாக்களும் மந்திரவாதிகளும் பேசியதைக் கேட்டுக் கற்றவர். இன்ஜினீயர் அப்படியே சிலையாக நின்றார். பிறகு தோள் குலுங்கியது. சிரித்துச் சிரித்து, முடியாமல் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஆழமாகக் குனிந்து, அதே முழக்கத்தில் ஏதோ பதில் சொன்னார்.

"இன்னா சொல்றாருண்ணா?"

அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. "என்னை ராஜாவேன்னு சொல்றாரும்மா."

இயந்திரத்தைத் திறந்து அரை மணி நேரம் பார்த்த இன்ஜினீயர் பேச ஆரம்பித்தார். இவர் மொழிபெயர்த்தார். "கண்ணெல்லாம் நல்லா இருக்குதாம். உடம்புல காயம் எதுவும் இல்லியாம். ஆனா உயிரு ஒரே சீரா இல்லியாம். ஏறுதாம், எறங்குதாம்."

ஆலை எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். "உயிருன்னா இன்னாண்ணா?"

"அதான்யா, மேல ஒரு கோடு ஓடும் இல்ல? கொறைஞ்சா செத்துடுவோமே."

"கரண்ட்டைச் சொல்றாரு!" என்று துள்ளினார் எலெக்ட்ரீஷியன்.

வேறு குறை ஏதும் உண்டா என்று கேட்கச் சொன்னார் முதலாளி. இவர் கேட்டார். இன்ஜினீயர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். ஒன்றுமில்லை, எல்லாம் பிரமாதம். எங்களுக்கு நிம்மதி. இவர் அரை நொடி நின்றார். பிறகு, முதல்முறை கேட்பது போலவே, அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

இன்ஜினீயர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, தயங்கித் தயங்கி நிறையப் பேசினார்.

"இவ்ளோ பெரிய ஆலையில இதைச் சொல்ல அவருக்குக் கூச்சமா இருக்குதாம். தப்பு மெஷின்ல இல்லியாம். பூமிக்குப் போற கயிறு எங்கியோ அறுந்து கீதாம். இப்படியே ஓட்டினா நாளைக்கு மறுபடியும் சாவுமாம், கிட்ட நிக்கிறவனையும் கூட்டிகினு போவுமாம்."

எலெக்ட்ரீஷியன் சுவருக்குப் பின்னால் ஓடினார். எர்த் கம்பி பாதியில் கடிபட்டுக் கிடந்தது. பக்கத்தில் எலிப் புழுக்கை.

ஒரு மணி நேரத்தில் இயந்திரம் உறுமியது. கறுப்பு ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம் தெறித்து விழ, நடுவில் வெள்ளை வெளேரென்று அரிசி கொட்டியது. வாசலில் இருந்த விவசாயிகள் விசில் அடித்தார்கள். முதல் தூறல் விழுந்தபோது கடைசி லாரி கூரைக்கடியில் நின்றது. முதலாளி எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார். தன் நாற்காலியில் ஒருநிமிஷத்தை உட்கார வைத்தார்.

சாப்பிட்டு வெளியே வந்த இன்ஜினீயர் அந்தப் போளூர் லாரியைப் பார்த்து நின்றுவிட்டார். நெற்றி எழுத்தை விரலால் காட்டி ஏதோ கேட்டார். அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். வெற்றியில் வரும் ஓர் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுதிவிட்டாராம். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த லாரி 'குடை' என்ற பெயரோடு திருவண்ணாமலை மாவட்டம் முழுக்கச் சுற்றியிருக்கிறது. "மழையில நனையலியே, அப்ப சரியாத்தான் எழுதிக் குடுத்திருக்கே" என்றார் டிரைவர்.

கிளம்பும் நேரத்தில்தான் அண்ணன் பாக்கெட்டிலிருந்து ஓர் எடைச்சீட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அந்த ஒரு வரி.

இன்ஜினீயர் படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு மெதுவாகப் பேசினார். அண்ணன் மொழிபெயர்க்க மறந்து நின்றதால் நான்தான் தோளைத் தொட வேண்டியிருந்தது.

"இது புஸ்தக பாஷை இல்லியாம்மா. வடக்க இருக்குற அவரு ஊருப் பேச்சாம். அவருதும் அரிசி ஊருதானாம். அவங்க அம்மா வயலுக்குக் கெளம்பும்போது இப்படித்தான் சொல்லுவாங்களாம். அவங்க போனப்புறம் இந்தப் பேச்சை இப்பத்தான் மறுபடி பாக்குறாராம்."

"அர்த்தம் இன்னாண்ணா?"

"நான் 'சொல்லிட்டு'ன்னு நெனைச்சேன். தப்பு. 'போயிட்டு'ன்னு அர்த்தமாம்." அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "'போறேன்'னு எழுதலம்மா அவ. 'போயிட்டு வரேன்'னு எழுதியிருக்கா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை சேவூர் வீட்டில் உட்கார இடமில்லை. எலெக்ட்ரீஷியன், டீ மாஸ்டர், போளூர் டிரைவர், நான். கமலா அக்கா தறியில் இருந்தார். அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். "தொறந்தே வைங்க" என்றார் அக்கா. அழுத்தினார்.

பனி கொட்டியது. திரையில் வருஷங்கள் போயின. ஊர் குளிரில் சுருங்கியது. ஆனால் ஒருவரும் வாசலை மூடச் சொல்லவில்லை. மலையூர்ப் பையனுக்குத் தாடி வந்து, அதுவும் வெளுத்தது. பிறகு பனியில் காலடிச் சத்தம். நாடா நின்றது. அந்த வீட்டில் பகலில் தறிச் சத்தம் நின்று நான் அன்றுதான் பார்த்தேன். வெள்ளை முடிக்காரி வாசலில் வந்து நின்று ஒரு வார்த்தை சொன்னாள். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் கமலா அக்கா, "வந்துட்டியாடி" என்றார். அவ்வளவு சத்தம் போடுகிற போளூர் டிரைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முடிந்தது என்று எழுந்தோம். "உக்காருங்க" என்றார் அண்ணன். திரையில் அந்த விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் ஏறத் தொடங்கியிருந்தன. படம் வரைந்தவர், இசை போட்டவர், கணக்குப் பார்த்தவர், காவலுக்கு இருந்தவர் என்று நூற்றுக்கணக்கில். அவர் அத்தனையையும் உரக்க வாசித்தார். மனிதர்களின் பெயர் எழுத்து ரொம்பக் கஷ்டமாம். பாதி அவருக்குப் படிக்க வரவில்லை. வராத இடத்தில் தாண்டிப் போகவில்லை. "இவரு யாரோ ஒருத்தரு, நல்லா இருக்கணும். இவங்க யாரோ ஒரு அம்மா, நல்லா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. ஒருவரும் அசையவில்லை.

இப்போது நான் சென்னையில், இந்த வாரப் பத்திரிகையில் எழுதுகிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் பெயர் பொடி எழுத்தில் வருகிறது. யாரும் அதைப் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். சேவூரில் ஒருவர் மட்டும் வாய்விட்டுப் படித்துவிட்டு, நான் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.